புறவாசல் தோட்டத்தில் செங்காந்தள் வளர்க்கலாமா?

பொருநைக்கரையான் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். அம்பாசமுத்திரத்தை அடுத்த சிற்றூர் ஒன்றில், வாய்க்கால் ஓரமாக இருக்கும் எங்கள் பழைய வீட்டைச் செப்பனிட்டு அண்மையில்தான் குடிவந்திருக்கிறோம். புறவாசலில் வாழையும் முருங்கையும் போக எஞ்சிய இடத்தில் சேனையும் சிறுகிழங்கும் போட்டிருக்கிறோம். அதை ஒட்டினாற்போல் ஒரு கம்பிவேலி வெறுமையாக நிற்கிறது. அந்த வேலியில் செங்காந்தளைப் படரவிட வேண்டும் என்பது என்னுடைய நெடுநாள் ஆசை. புரட்டாசிக்குப் பிறகு மலையடிவாரத்து உடைமரப் புதர்களின் மேல் அது பூத்து நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இந்த ஆசையை நான் விளக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டின் மாநில மலர் அது. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் மலர்களை அடுக்கிச் சொல்லும்போது முதலில் நிறுத்துவதும் ஒண்செங்காந்தளைத்தான்.

ஆனால் வீட்டில் மறுப்பு எழுந்திருக்கிறது. அதன் கிழங்கு கொடிய நஞ்சு என்றும், சிறு பிள்ளைகள் ஓடியாடும் வீட்டில் அதை வைக்கக் கூடாது என்றும் என் மருமகள் உறுதியாகச் சொல்கிறாள். பேரப்பிள்ளைகள் இருவர் இருக்கிறார்கள். பக்கத்து வீட்டு ஆடுகளும் வேலியோரம் வந்து போகும். அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது என்பதால்தான் இங்கே கேட்கிறேன். செடியின் எந்தப் பகுதியில் எவ்வளவு ஆபத்து இருக்கிறது, தொட்டாலே தீங்கு வருமா, பாதுகாப்பாக வளர்க்க வழி ஏதேனும் உண்டா என்பதை அனுபவப்பட்டவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

தேரிநிலத்தான் எழுதியது:

அண்ணாச்சி, என் கருத்தை நேராகவே சொல்லிவிடுகிறேன். வேண்டாம். எங்கள் சாத்தான்குளம் பக்கம் காட்டுவேலிகளில் இது தானாகவே முளைக்கும். ஆடு வளர்க்கிறவர்கள் எங்கே கண்டாலும் கொடியை அறுத்து எறிந்துவிட்டுத்தான் மந்தையை அந்தப் பக்கம் ஓட்டுவார்கள். பெரிய ஆடுகள் பெரும்பாலும் இதில் வாய் வைப்பதில்லை. குட்டிகளுக்கும் பசியோடு வரும் புது ஆடுகளுக்கும் அந்த விவரம் தெரியாது. அழகுக்காக வைப்பதற்கு நந்தியாவட்டை இருக்கிறது, செம்பருத்தி இருக்கிறது, கொடிதான் வேண்டும் என்றால் சங்குப்பூ இருக்கிறது. உயிரைப் பணயம் வைத்து ஒரு பூவை வளர்க்க வேண்டிய கட்டாயம் நமக்கு என்ன இருக்கிறது?

திண்ணைவாசகர் எழுதியது:

தேரிநிலத்தான் சொல்வதை மதிக்கிறேன். ஆனாலும் நம் மாவட்டத்தில் அரளி இல்லாத தெரு எது? கோயில் நந்தவனத்தில் செவ்வரளி நிற்கிறது. நாற்கரச் சாலையின் நடுவே கிலோமீட்டர் கணக்கில் அரளி நிற்கிறது. வீட்டு வாசல்களில் மஞ்சள் அரளி நிற்கிறது. அவை எல்லாமே நஞ்சுதான். அவற்றோடு பழகி வாழ்கிற நாம் செங்காந்தளுக்கு மட்டும் அஞ்சுவது சரியா என்று யோசிக்க வேண்டும்.

பாளைத்தோட்டம் எழுதியது:

பொருநைக்கரையான் ஐயாவுக்கு வணக்கம். நான் பாளையங்கோட்டையில் மொட்டைமாடியிலும் வீட்டின் பக்கவாட்டிலும் செங்காந்தளைப் பல ஆண்டுகளாக வளர்த்து வருகிறவள். வளர்க்கலாமா கூடாதா என்பதற்கு முன்னால் அந்தச் செடி ஓர் ஆண்டில் என்னவெல்லாம் செய்கிறது என்பதைச் சொல்கிறேன், ஏனென்றால் ஆபத்து எங்கே இருக்கிறது என்பது அதிலிருந்தே விளங்கும்.

ஆடி, ஆவணியில் ஈரம் பட்டதும் மண்ணைப் பிளந்துகொண்டு ஒற்றைத் தண்டு மேலே வரும். வாரங்களுக்குள் ஆள் உயரத்துக்குப் போய்விடும். இதற்குத் தனியாகப் பற்றுக்கம்பிகள் கிடையாது. ஒவ்வோர் இலையின் நுனியே நீண்டு, சுருண்டு, கையில் கிடைக்கும் கம்பியையோ சுள்ளியையோ பிடித்துக்கொள்ளும். பூவோ மொட்டாக இருக்கும்போது தலைகீழாகத் தொங்கும் பச்சை நிறச் சிறு பொருள், அவ்வளவுதான். விரியத் தொடங்கியதும் ஆறு இதழ்களும் பின்னோக்கி மடங்கி மேல்நோக்கி நிமிர்ந்துவிடும். முதல் நாள் பச்சை கலந்த மஞ்சள்; பிறகு அடிப்பாதி மஞ்சளாகவும் மேற்பாதி சிவப்பாகவும் இருக்கும்; அதன்பின் மஞ்சள் சிறிது சிறிதாகப் பின்வாங்கி முழு இதழும் அடர்சிவப்பாகிவிடும். இதழ்விளிம்பு நெடுகிலும் நெளிநெளியாக இருக்கும். ஒரே கொடியில் மூன்று நிலைகளிலும் பூக்கள் இருக்கும்போது பார்க்க வேண்டும். இன்னொன்றையும் கவனித்துப் பாருங்கள்: சூல்தண்டு, மகரந்தத் தாள்களுக்கு எட்டாதபடி, ஏறத்தாழச் செங்கோணத்தில் பக்கவாட்டில் ஒடிந்ததுபோல் திரும்பி நிற்கும். தன் மகரந்தம் தன்மேலேயே விழுந்துவிடாமல் தடுத்துக்கொள்ளும் ஏற்பாடு அது. அதனால்தான் தாராபுரம், மூலனூர், ஒட்டன்சத்திரம் பகுதிகளில் இதை விதைக்காகப் பயிரிடுகிற விவசாயிகள் காலைநேரத்தில் பூப்பூவாகச் சென்று கையாலேயே மகரந்தம் சேர்த்துவிடுகிறார்கள்.

கார்த்திகை, மார்கழியோடு பூ ஓய்ந்துவிடும். காய்கள் முற்றி வெடிக்கும்போது உள்ளே ஆரஞ்சும் சிவப்பும் கலந்த நிறத்தில் பளபளக்கும் விதைகள் வரிசையாக இருக்கும். பிறகு கொடி மஞ்சளித்துக் காய்ந்து மண்ணோடு மண்ணாகிவிடும். தை மாதம் அந்த இடத்தைப் பார்த்தால் அங்கே செடி இருந்ததற்கான தடயமே இருக்காது. கிழங்கு மட்டும் மண்ணுக்குள் உறங்கும்.

வேர்முதல் விதைவரை எல்லாப் பகுதிகளிலும் நஞ்சு உண்டு. அது மிகுதியாகத் திரண்டிருப்பது விதையிலும் கிழங்கிலும்தான். பூவைத் தொடுவதாலும் பார்ப்பதாலும் ஒன்றும் ஆகாது. இதைப் பார்த்தால் கண்வலி வரும் என்று சிறுவயதில் எங்களை மிரட்டியது பிள்ளைகளைத் தள்ளிவைப்பதற்காகத்தான் என்று நினைக்கிறேன். கிழங்கை வெட்டும்போது கையுறை போட்டுக்கொண்டு, பிறகு சோப்பு போட்டுக் கழுவிவிட வேண்டும். அதன் சாறு சிலருக்குத் தோலில் எரிச்சல் தரும்.

அவசரப்பிரிவு எழுதியது:

நான் மருத்துவன், அவசரச் சிகிச்சைப் பிரிவில் பணியாற்றியிருக்கிறேன். திண்ணைவாசகர் அரளியை ஒப்பிட்டதால் இதை எழுத வேண்டியிருக்கிறது. இரண்டும் நஞ்சுதான் என்றாலும் இரண்டும் உடலில் வேலை செய்கிற விதம் வேறு. அரளியின் நஞ்சு இதயத்துடிப்பைத் தாக்குகிறது. செங்காந்தளில் இருக்கும் கோல்ச்சிசின் என்னும் நஞ்சு, உடலின் செல்கள் பிரிந்து பெருகுவதையே நிறுத்திவிடுகிறது. ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது உள்ளே நுண்குழல்கள் உருவாகிக் குரோமோசோம்களைப் பிரித்து இழுக்க வேண்டும். அந்தக் குழல்கள் கட்டப்படுகிற புரதத்தைக் கோல்ச்சிசின் பற்றிக்கொண்டுவிடுகிறது. ஆகையால் உடலில் எந்தெந்தச் செல்கள் விரைவாகப் பிரிகின்றனவோ அவையே முதலில் அடிபடுகின்றன: குடலின் உட்சுவர், எலும்பு மஜ்ஜை, முடியின் வேர்.

இதை நான் விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தின்ற உடனே எதுவும் தெரியாது. பெரும்பாலும் சில மணி நேரம் கழித்துத்தான் வாந்தியும் கடுமையான வயிற்றுப்போக்கும் தொடங்கும். சிலருக்கு ஒரு நாள் வரையும் தள்ளிப்போகலாம். அதற்குள் என்ன சாப்பிட்டோம் என்பது மறந்துபோயிருக்கும். வீட்டில் இருப்பவர்கள் அஜீரணம் என்றோ, கெட்டுப்போன குழம்பு என்றோ நினைத்துக்கொள்வார்கள். ஓரிரு நாளில் வயிற்றுப்போக்கு குறைந்து, தேறிவிட்டார் என்று தோன்றக்கூடும். அந்த நேரத்தில்தான் இரண்டாம் கட்டம் தொடங்குகிறது. சிறுநீரகம், கல்லீரல், இதயம் ஆகியவை பாதிக்கப்படலாம். எலும்பு மஜ்ஜை ஒடுங்குவதால் வெள்ளணுக்களும் தட்டணுக்களும் சரிந்து, நோய்த்தொற்றும் இரத்தப்போக்கும் வரலாம். இவற்றைத் தாண்டிப் பிழைத்தவர்களுக்கு ஒன்றிரண்டு வாரம் கழித்துத் தலைமுடி கொத்துக்கொத்தாக உதிரும்; அது பின்னர் மீண்டும் வளர்ந்துவிடும்.

இதற்கென்று தனி மாற்றுமருந்து நம் மருத்துவமனைகளில் இல்லை. நஞ்சு திசுக்களுக்குள் ஆழமாகப் பரவிவிடுவதால் டயாலிசிஸ் செய்தும் வெளியேற்ற முடியாது. விரைவாக வந்தால் வயிற்றிலிருந்து நஞ்சு உறிஞ்சப்படுவதைக் குறைக்கலாம்; அதன்பின் நீர்ச்சத்தையும் இரத்த அழுத்தத்தையும் காத்து, இரத்த அணுக்களை நாள்தோறும் எண்ணிப் பார்த்து, உடல் தானாக மீண்டுவரத் துணைநிற்பதே சிகிச்சை. எனவே யாராவது இதன் எந்தப் பகுதியையாவது தின்றுவிட்டதாக ஐயம் வந்தால், நோய்க்குறி தோன்றும்வரை காத்திருக்க வேண்டாம். உப்புக்கரைசல், புளிக்கரைசல் என்று எதையும் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கவும் வேண்டாம். 108-ஐ அழையுங்கள், தின்றதின் மிச்சத்தையோ செடியின் ஒரு துண்டையோ பையில் போட்டுக் கையோடு கொண்டுவாருங்கள். அந்தத் துண்டு மருத்துவருக்குப் பல மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

பொருநைக்கரையான் எழுதியது:

மருத்துவர் ஐயாவுக்கும் பாளைத்தோட்டம் அம்மாவுக்கும் மிக்க நன்றி. இன்னொரு ஐயம். சேனைக் கிழங்கின் காறல் வேகவைத்தால் போய்விடுகிறது. மரவள்ளியின் நஞ்சும் முறையாக வேகவைத்தால் நீங்கிவிடும் என்கிறார்கள். இந்தக் கிழங்கையும் சித்த மருத்துவத்தில் சுத்தி செய்து பயன்படுத்துவதாகப் படித்திருக்கிறேன். அப்படியானால் நஞ்சை நீக்கவும் ஒரு வழி இருக்கிறது என்றுதானே பொருள்?

மூலிகைவழி எழுதியது:

ஐயா, பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்தவன் என்ற முறையில் இதற்குப் பதில் சொல்வது என் கடமை. கலப்பைக் கிழங்கு, கார்த்திகைக் கிழங்கு, கண்வலிக் கிழங்கு என்றெல்லாம் வழங்கும் இந்தக் கிழங்கு எங்கள் மருத்துவத்தில் மருந்துச்சரக்குதான். ஆனால் சுத்தி செய்த பிறகும் அதை நஞ்சுச் சரக்காகவே கருதி, அளவு பார்த்து, துணைச்சரக்குகளோடு சேர்த்துத்தான் கையாளுகிறோம். சுத்தி என்பது நஞ்சின் வீரியத்தைக் குறைக்கும் முறை; கிழங்கை உணவாக்கும் முறை அன்று. மருந்துச் சட்டத்தின் விதிகளிலும் இது நஞ்சுச்சரக்குப் பட்டியலில் இடம்பெறுகிறது. அப்படிப்பட்ட சரக்கு சேர்ந்த உள்மருந்துகளின் மேலுறையில் மருத்துவ மேற்பார்வையில் மட்டுமே உட்கொள்ள வேண்டும் என்ற எச்சரிக்கை அச்சிடப்பட்டிருக்க வேண்டும்.

என்னை வருத்துவது வேறொன்று. மூட்டுவலிக்கும் பாம்புக்கடிக்கும் இந்தக் கிழங்கை அரைத்துக் குடிக்கலாம் என்று சில காணொளிகள் சொல்லிக்கொண்டிருக்கின்றன. தயவுசெய்து எவரும் அவற்றைப் பின்பற்ற வேண்டாம். பாம்புக்கடிக்கு மருத்துவமனையில் கிடைக்கும் விஷமுறிவு ஊசி ஒன்றே வழி. கடித்த நஞ்சோடு குடித்த நஞ்சும் சேர்ந்தால் காப்பாற்றுவது இரட்டிப்புக் கடினம்.

அவசரப்பிரிவு எழுதியது:

மூலிகைவழி சொன்னதை முழுமையாக வழிமொழிகிறேன். வேகவைப்பது பற்றிக் கேட்டீர்கள். கோல்ச்சிசின் சமையல் சூட்டில் அழிவதில்லை. மரவள்ளியின் நஞ்சு ஆவியாகியும் நீரில் கரைந்தும் பெரும்பகுதி போய்விடும். சேனையின் காறல் ஊசிபோன்ற படிகங்களால் வருவது. இரண்டையும் வைத்து இதை எடைபோடக் கூடாது. இந்தக் கிழங்கைக் கறிக்கிழங்கு என்று எண்ணி அவித்துத் தின்று உயிர்கள் போன நிகழ்வுகள் இலங்கையில் மருத்துவ ஆவணங்களில் பதிவாகியிருக்கின்றன. கால்நடைகள் தின்றால் பாலிலும் இந்த நஞ்சு கலந்து வரக்கூடும் என்பதையும் தேரிநிலத்தான் போன்றவர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அதே சமயம், இந்தப் பொருளை வெறும் கொலைநஞ்சாக மட்டும் பார்ப்பதும் நியாயமன்று. 1820-இல் பெல்லத்தியே, கவந்து என்ற பிரெஞ்சு வேதியியலாளர்கள் இருவர், செங்காந்தளின் ஐரோப்பிய உறவான ஒரு செடியிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார்கள். அதே ஆண்டில் மலேரியாவுக்கான கொயினா மருந்தையும் பிரித்தெடுத்தவர்கள் அவர்கள்தான். யூரிக் அமிலம் மிகுந்து கால் பெருவிரல் வீங்கித் துடிக்கும் நோயாளிக்கு நான் எழுதிக்கொடுக்கும் 0.5 மில்லிகிராம் மாத்திரை இந்தக் கோல்ச்சிசின்தான். மில்லிகிராமில் பாதி என்பதைக் கவனியுங்கள். மருந்துக்கும் நஞ்சுக்கும் இடையே உள்ள இடைவெளி அவ்வளவு குறுகியது என்பதால், ஒவ்வொரு கிழங்கிலும் ஒவ்வோர் அளவாக இருக்கும் சரக்கை வீட்டில் அரைத்து அளவிட எவராலும் முடியாது. 1937 முதல் பயிர் ஆய்வாளர்களும் குரோமோசோம்களை இரட்டிப்பாக்க இதைப் பயன்படுத்தி வருகிறார்கள். கோடையில் நாம் வாங்கித் தின்னும் விதையில்லாத் தர்பூசணி உருவானதும் அந்த வழியில்தான். தாராபுரத்து விதைகள் வெளிநாட்டு மருந்து ஆலைகளுக்குப் போவதன் காரணம் இது.

பனைவிளை எழுதியது:

இழையை முதலிலிருந்து படித்தேன். எல்லோரும் பூவையும் வேலியையும் பற்றிப் பேசுகிறீர்கள். ஐயாவின் முதல் பதிவில் இருந்த ஒரு சொற்றொடர்தான் என்னை எழுத வைத்தது: அந்த வேலியை ஒட்டிச் சேனையும் சிறுகிழங்கும் போட்டிருப்பதாக அவர் சொல்லியிருக்கிறார்.

நம் பக்கத்தில் தைப்பொங்கல் என்றால் கிழங்குதான். சிறுகிழங்கு, சேனை, சேம்பு, சிறுவள்ளி, பனங்கிழங்கு என்று இவை இல்லாமல் பொங்கல்படி விளங்காது. மார்கழிக் கடைசியிலும் தைத் தொடக்கத்திலும் வீடுதோறும் மண்ணைக் கிளறிக் கிழங்கு எடுக்கிறோம். பாளைத்தோட்டம் அக்கா சொன்னதை இத்தோடு சேர்த்துப் பாருங்கள். சரியாக அந்த நேரத்தில்தான் செங்காந்தளின் கொடி காய்ந்து மறைந்திருக்கும். பூவும் இல்லை, இலையும் இல்லை, மண்ணுக்குள் கிழங்கு மட்டும் பருத்து இருக்கும். ஐப்பசியில் அந்த வேலியைப் பார்த்து எல்லோரும் விலகிப் போவார்கள். தை மாதத்தில் அதே வேலியடியில் மம்பட்டியைப் போடத் தயங்க மாட்டார்கள்.

இதை நான் ஊகமாகச் சொல்லவில்லை. உடன்குடிப் பக்கம் எங்கள் உறவினர் வீட்டில், தோட்டத்து ஓரத்திலிருந்து எடுத்துவந்த கிழங்குகளைச் சுளகில் கொட்டி மண்ணை உதறிக்கொண்டிருந்தார்கள். என் அத்தை அதிலிருந்து ஒன்றை எடுத்துத் தனியே வைத்தார்கள். விரல்மொத்தத்தில், மேல்தோல் மெல்லிய பழுப்பாக, இரண்டு கிளைகளும் முழங்கை மடிப்பைப் போல் ஓரிடத்தில் சந்தித்துக் கலப்பை வடிவில் மடங்கியிருந்த கிழங்கு அது. முழுதாக இருந்ததால் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அத்தை அதோடு விடவில்லை. அதன் ஒரு கிளை ஒடிந்திருந்ததைப் பார்த்துவிட்டு, ஒடிந்த துண்டு கிடைக்கும்வரை சுளகு முழுவதையும் கிளறச் சொன்னார்கள். கிடைத்தது. சிறுவள்ளிகளுக்கு நடுவே அந்தத் துண்டை வைத்துப் பார்த்தபோது, அத்தையைத் தவிர வேறு எவராலும் அடையாளம் காட்ட முடியவில்லை. வெட்டினால் உள்ளே அதே வெள்ளைதான்.

முழுக் கிழங்கை எல்லோரும் அடையாளம் காணலாம். மம்பட்டி பட்டு ஒடிந்த பாதியை அடையாளம் காண முடியாது. ஆகையால் ஐயா, எங்கே வேண்டுமானாலும் வளருங்கள், உண்ணும் கிழங்கு விளைகிற மண்ணில் மட்டும் இதை இறக்கவே இறக்காதீர்கள்.

திண்ணைவாசகர் எழுதியது:

பனைவிளை அம்மா எழுதியதைப் படித்த பிறகு அரளியோடு நான் ஒப்பிட்டதை இப்போது வேறு விதமாகப் பார்க்கிறேன். அரளியின் வேரை எவரும் சமையலுக்காகத் தோண்டுவதில்லை. இது கறிக்கிழங்குகளின் இடத்தில், அவற்றின் பருவத்தில் கிடக்கிறது. வேறுபாடு அங்கேதான் இருக்கிறது.

தேரிநிலத்தான் எழுதியது:

இதைத்தான் நானும் அஞ்சினேன்; இவ்வளவு தெளிவாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பனைவிளை அக்கா சொன்னபடி வைத்தால் பிள்ளைகள் விஷயத்தில் என் மறுப்பைத் தளர்த்திக்கொள்கிறேன். ஆடுகள் விஷயத்தில் மாட்டேன். காய்ந்த கொடியை அறுத்துத் தெருவில் போட்டால் ஆடு வந்து மேயும். பச்சையாக இருக்கும்போது விலகிப் போகிற ஆடுகூடக் காய்ந்த தழையோடு கலந்து கிடந்தால் தின்றுவிடும். எருக்குழியிலும் போட வேண்டாம், அந்த எருவில் விதை கிடந்தால் அடுத்த ஆண்டு காய்கறிப் பாத்தியில் முளைக்கும். தனியே ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்துவிடுவதே நல்லது.

பாளைத்தோட்டம் எழுதியது:

பனைவிளை சொன்னது நான் எழுதத் தவறவிடக் கூடாத செய்தி. அதைச் சொன்னதற்கு நன்றி. நான் தரையில் வைக்காமல் தொட்டியிலேயே வளர்ப்பதற்கும் அடிப்படை இதுதான். தொட்டி என்றால் கிழங்கு எங்கே இருக்கிறது என்பதில் குழப்பமே வராது. ஐயாவின் வீடு வாய்க்கால் ஓரம் என்பதால் இன்னொரு வசதியும் உண்டு. ஆற்றுப்படுகை வண்டல்மண்ணில் ஐப்பசி மழைக்குத் தண்ணீர் தேங்கினால் செங்காந்தள் கிழங்கு அழுகிவிடும். செம்மண்ணும் ஆற்றுமணலும் மட்கிய எருவும் கலந்து, அடியில் துளையுள்ள அகன்ற தொட்டியில் வைத்தால் செடிக்கும் நல்லது.

கிழங்கைப் படுக்கைவாட்டில், விரல்நீள ஆழத்துக்கும் குறைவாக வைத்து மண்ணை மூடுங்கள். ஒவ்வொரு கிளையின் கூர்நுனியிலும் ஒரே ஒரு முளைக்குருத்துதான் இருக்கும். அது ஒடிந்தால் அந்தக் கிளை முளைக்காது. ஆகவே வாங்கும்போதே நுனியைப் பாருங்கள். முளைத்ததும் கம்பியிலோ உலர்ந்த முள்ளிலோ ஏற்றிவிடுங்கள். இலை மஞ்சளிக்கத் தொடங்கியதும் தண்ணீரை நிறுத்திவிட வேண்டும். உறங்கும் கிழங்குக்கு ஊற்றும் தண்ணீரே அதற்குக் கேடு.

விதை விஷயத்தில் மட்டும் மிகவும் கண்டிப்பாக இருங்கள். சிறுபிள்ளைகளின் கண்ணைப் பறிப்பது பூவைவிட வெடித்த காயிலுள்ள சிவந்த விதைகள்தான். பூ வாடியதும் சூற்பையோடு சேர்த்துக் கிள்ளிவிட்டால் காயே பிடிக்காது. விதையிலிருந்து வளர்த்தால் பூப்பதற்குச் சில ஆண்டுகள் ஆகும் என்பதால் வீட்டுத் தோட்டத்துக்கு விதை தேவையும் இல்லை. நான் ஒரு காயைக்கூட முற்ற விடுவதில்லை.

களக்காட்டுவாசி எழுதியது:

கிழங்கு எங்கிருந்து வாங்கப் போகிறீர்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும், ஐயா. அம்பாசமுத்திரத்திலிருந்து பார்த்தால் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் மலை இருக்கிறது. அடிவாரத்தில் ஒரு கிழங்கைப் பிடுங்கிவந்தால் போயிற்று என்று எவருக்கும் தோன்றும். களக்காடு முண்டந்துறை 1988 முதல் புலிகள் காப்பகம், தமிழ்நாட்டில் முதலாவது. அதன் எல்லைக்குள் எந்தச் செடியையும் தோண்டி எடுப்பது சட்டப்படி குற்றம். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். மருந்துக்காகக் கிழங்கைத் தோண்டித் தோண்டியே பல இடங்களில் காட்டுச் செங்காந்தள் குறைந்துபோய்விட்டது. நான் சிறுவனாக இருந்தபோது களக்காட்டுப் பாதைகளில் பார்த்த புதர்களில் பலவற்றை இப்போது காணவில்லை. ஒரு கிழங்கைத் தோண்டினால் அந்த இடத்தில் அடுத்த ஆண்டுக்கு ஒன்றும் மிஞ்சாது. நர்சரிகளிலும் பயிரிடுகிறவர்களிடமும் நடவுக்கிழங்கு கிடைக்கிறது. காசு கொடுத்து அங்கே வாங்குங்கள். முழுமஞ்சளாகப் பூக்கும் வகைகளும் விற்பனைக்கு வருகின்றன. நிறம் மாறினாலும் நஞ்சு மாறாது என்பதால் எல்லாவற்றுக்கும் ஒரே எச்சரிக்கைதான்.

மூலிகைவழி எழுதியது:

களக்காட்டுவாசி சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். வாங்கிவந்த கிழங்கை நடும்வரை சமையலறைப் பக்கமோ கிழங்குக் கூடையிலோ வைத்துவிடாதீர்கள். கோடையில் தொட்டியிலிருந்து எடுத்து மணலில் புதைத்து வைக்கிறவர்களும் உண்டு. அப்படி எடுக்காமல், தொட்டியிலேயே உறங்கவிடுவது பாதுகாப்பு.

பொருநைக்கரையான் எழுதியது:

அனைவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. இந்த இழையை முழுவதுமாக என் மருமகளுக்குப் படித்துக் காட்டினேன். பனைவிளை அம்மா எழுதிய பகுதியை அவள் இரண்டாவது முறையும் வாங்கிப் படித்தாள். பேசி ஒரு முடிவுக்கு வந்திருக்கிறோம். கம்பிவேலியோரம் தரையில் வைக்கும் எண்ணத்தை முற்றிலும் கைவிடுகிறேன். முன்வாசல் மதில்சுவரின் மேல், ஆடுகளுக்கும் பிள்ளைகளுக்கும் எட்டாத உயரத்தில், சிமெண்ட் தொட்டி ஒன்றில் வைத்து மேலே கம்பி கட்டிவிடுகிறேன். புறவாசல் பக்கம் அந்தத் தொட்டி ஒருநாளும் போகாது. காய்களைக் கிள்ளும் பொறுப்பை நானே ஏற்றுக்கொள்கிறேன்.

மருமகள் ஒரு கேள்வி கேட்கச் சொன்னாள். தொட்டியில் வைத்திருந்தாலும், நாங்கள் இந்த வீட்டில் இல்லாத ஒரு காலத்தில் வேறு யாரேனும் அந்தத் தொட்டி மண்ணை எடுத்துக் காய்கறிப் பாத்தியில் கொட்டிவிட்டால் என்ன செய்வது?

பனைவிளை எழுதியது:

மிகச் சரியான கேள்வி. அவர்களை என் சார்பில் பாராட்டுங்கள். தொட்டியின் மேலே அட்டை மாட்டினால் ஒரு மழைக்குத் தாங்காது. சிமெண்ட் ஈரமாக இருக்கும்போதே தொட்டியின் பக்கவாட்டில் ஆணியால் 'நஞ்சுக் கிழங்கு' என்று ஆழமாகக் கீறிவிடுங்கள். செங்காந்தள் என்று பெயரை மட்டும் எழுதினால் தெரியாதவர்களுக்குப் பயன்படாது. வீட்டை விட்டு நீண்ட நாள் வெளியூர் போகும்படி ஆனால், கிளம்புவதற்கு முன் கிழங்கைத் தோண்டி, ஒடிந்த துண்டு எதுவும் மண்ணில் தங்காதபடி சல்லடையில் சலித்துப் பார்த்து, செடி வளர்க்கத் தெரிந்தவர் ஒருவரிடம் கையில் ஒப்படைத்துவிட்டுப் போங்கள்.

பாளைத்தோட்டம் எழுதியது:

சலித்த மண்ணையும் காய்கறிக்குப் பயன்படுத்தாமல் பூச்செடித் தொட்டிகளுக்கே போடுங்கள். வரும் ஆனி மாதம் என் தொட்டிகளை மாற்றி நடும்போது முளை பழுதாகாத கிழங்குகள் மிஞ்சும். ஐயாவுக்கு விருப்பமானால் பாளையங்கோட்டைக்கு வந்து பெற்றுக்கொள்ளலாம். கையுறையும் மூடியுள்ள டப்பா ஒன்றும் கொண்டுவாருங்கள்.

பொருநைக்கரையான் எழுதியது:

கட்டாயம் வருகிறேன், அம்மா. தொட்டி வார்க்கக் கொத்தனாரிடம் சொல்லிவிட்டேன். எழுத்தைக் கீறும் வேலையை மருமகள் எடுத்துக்கொண்டிருக்கிறாள்.